சுபாரு லெகசி டூரிங் வேகன்: எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்விகள்

ஜப்பான்ல குன்மா மாகாணத்துல இருக்கேன். 2014ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு லெகசி டூரிங் வேகன் வாங்கினேன், 2007 மாடல், நாலாவது தலைமுறை, 2.0 ஐ, ஆட்டோமேட்டிக். ஏழு வருஷம் ஓட்டிட்டு 2021ல அதைக் கொடுத்துட்டு, அதுக்குப் பதிலா வந்த லெவோர்க் எடுத்தேன். இங்க புதுசா வர்ற நம்ம ஆளுங்க கார் வாங்கணும்னா போன் பண்ணி இதே கேள்விகளைத்தான் கேட்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சிருச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன்.

கே: ஸ்டேஷன் வேகன்னா என்ன? வேகன் ஆர் மாதிரியா?

ப: இல்லீங்க. வேகன் ஆர் சுசுகியோட குட்டி கார், 1993ல வந்தது, உயரமா டப்பா மாதிரி இருக்கும். ஸ்டேஷன் வேகன்னா ஒரு செடான் காரோட கூரையை அப்படியே பின்னால வரைக்கும் இழுத்து, டிக்கியையும் உள்ளயே சேர்த்துட்டா எப்படி இருக்குமோ அது. உயரம் செடான் உயரம்தான். என் பழைய லெகசியோட உயரம் 1470 மிமீ. பக்கத்துல நின்னா கூரை என் தோளுக்குக் கொஞ்சம் மேல வரும்.

இந்த உயரத்தை மனசுல வெச்சுக்கங்க. கீழ என்ன கேள்வி வந்தாலும் சுத்தி சுத்தி இங்கதான் வந்து நிக்கப் போறேன். இந்த வண்டியோட நல்லது கெட்டது எல்லாமே அது தாழ்வா இருக்கறதுலருந்துதான் வருது.

கே: அப்போ டொயோட்டா ப்ரோபாக்ஸ் மாதிரி கம்பெனி வேலைக்கு ஓட்டற வண்டிங்களும் வேகன்தானே?

ப: பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனா சட்டப்படி அது சரக்கு வண்டி. நம்பர் பிளேட்ல 4ல ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், சரக்கு ஏத்தற இடம் ஆளுங்க உட்கார்ற இடத்தைவிட பெருசா இருக்கணும்னு ரூல், அதனால பின் சீட்டு பலகை மாதிரி இருக்கும், குழந்தைங்க ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா அழுதுரும். வேகன் பயணிகள் வண்டி, 5 இல்லன்னா 3ல ஆரம்பிக்கும். ஷாக்கென்னு சொல்ற வண்டி இன்ஸ்பெக்ஷன், புது பயணிகள் வண்டிக்கு முதல் தடவை 3 வருஷம் கழிச்சு, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை. சரக்கு வண்டிக்கு முதல் 2 வருஷம் கழிச்சு வருஷா வருஷம். குடும்பத்துக்கு வாங்கறவங்க விலை கம்மியா இருக்குன்னு அந்தப் பக்கம் போகாதீங்க.

கே: லெகசி எப்போ வந்தது, எத்தனை தலைமுறை இருக்கு?

ப: முதல் லெகசி 1989. அதுக்கு முன்னாடி லியோன்னு ஒரு வண்டி இருந்தது, 1972லேயே அதுல நாலு சக்கரமும் இழுக்கற எஸ்டேட் வேன் விட்டுட்டாங்க. லெகசி வந்த அதே 1989 ஜனவரியில அமெரிக்காவுல அரிசோனாவுல ஒரு டெஸ்ட் டிராக்ல செடானை விடாம 1,00,000 கிமீ ஓட்டினாங்க, சராசரி வேகம் மணிக்கு 223.345 கிமீ. டிரைவர் மாத்த, பெட்ரோல் போட நின்னதெல்லாம் சேர்த்தே இந்தச் சராசரி, கணக்குப் போட்டா பதினெட்டரை நாளுக்கு மேல வரும். அந்த வருஷக் கடைசியில வேகன்ல 200 குதிரைத்திறன் டர்போவைப் போட்டு ஜிடின்னு விட்டாங்க. சாமான் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பறக்குதுன்னதும் ஊரே வேகன் பின்னாடி ஓடிச்சு, ஜப்பான்ல அப்போ எல்லாரும் பனிச்சறுக்கு பைத்தியம் பிடிச்சு அலைஞ்ச நேரம் வேற, வெள்ளிக்கிழமை ராத்திரி கூரை மேல பலகையைக் கட்டிக்கிட்டு மலைக்குக் கிளம்பறதுக்கு இதைவிட பொருத்தமான வண்டி இல்ல. மத்த கம்பெனிகளும் சும்மா இருக்கல, நிசான் ஸ்டேஜியா, மிட்சுபிஷி லெக்னம் ரெண்டும் 1996ல வந்தது.

ரெண்டாவது தலைமுறை 1993, மூணாவது 1998, நாலாவது 2003, அஞ்சாவது 2009. 2014ல ஆறாவது லெகசி வந்தப்போ ஜப்பான்ல டூரிங் வேகனையே நிறுத்திட்டாங்க. அந்த இடத்துக்கு வந்ததுதான் லெவோர்க்.

கே: பாக்ஸர் இன்ஜின்னு பெருமையா சொல்றாங்களே, அப்படி என்ன அதுல?

ப: சாதாரண இன்ஜின்ல சிலிண்டர் எல்லாம் நட்ட வாக்குல நிக்கும், பிஸ்டன் மேலயும் கீழயும் போகும். இதுல சிலிண்டர் படுத்திருக்கும், ரெண்டு இடது பக்கம், ரெண்டு வலது பக்கம். எதிரெதிர் பிஸ்டன் ஒரே நேரத்துல வெளிய போகும், ஒரே நேரத்துல உள்ள வரும், ரெண்டு குத்துச்சண்டைக்காரங்க கையை முட்டிக்கற மாதிரி, அதான் பாக்ஸர்னு பேரு. ஒரு பக்கத்து உதறலை இன்னொரு பக்கம் அடக்கிரும், அதனால ஓடறப்போ ஸ்மூத்தா இருக்கும்.

ஆனா குடும்பத்தோட போறவனுக்கு அதைவிட முக்கியம், இன்ஜின் தட்டையா இருக்கறதால வண்டியோட எடை தரையோட ஒட்டி இருக்கும். வளைவுல திருப்பறப்போ வண்டி சாயறது குறையும், பின்னால இருக்கற புள்ளைங்களுக்கு வாந்தி வராது. என் சின்னவன் நண்பரோட உயரமான மினிவேன்ல ஏறினா அரை மணி நேரத்துல பையைத் தேடுவான், லெகசியில ஒரு தடவைகூட அப்படி ஆனதில்ல. இதுக்கு மேல எனக்கு எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் வேண்டாம்.

இன்ஜின் நீள வாக்குல நடுவுல உட்கார்ந்திருக்கு, அதுக்குப் பின்னால கியர் பாக்ஸ், அங்கிருந்து நேரா பின் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட், இடது வலது ரெண்டும் தராசுத் தட்டு மாதிரி சமம். நாலு சக்கரத்துக்கும் பவர் கொடுக்கறதுக்கு இவங்க தனியா மெனக்கெட வேண்டியதில்ல, அமைப்பே அதுக்குத் தோதா இருக்கு.

குறையும் சொல்லணும்ல. இன்ஜின் முன் சக்கர அச்சுக்கும் முன்னால தொங்குது, அதனால மூக்கு கனம். அப்புறம் ஸ்பார்க் பிளக் மாத்தறது கஷ்டம், சாதாரண இன்ஜின்ல பானெட்டைத் திறந்தா மேலயே கண்ணுக்குத் தெரியும், இதுல பக்கவாட்டுல பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கை நுழையாத சந்துல இருக்கு. நானே மாத்திடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை இறங்கினேன், பேட்டரியக் கழட்டி வெச்சு, ராட்செட் ஸ்பேனரோட எக்ஸ்டென்ஷனை ரெண்டு மூணு விதமா மாட்டிப் பார்த்து, மணிக்கட்டு முழுக்க சிராய்ப்பு, மூணு மணி நேரத்துல ரெண்டு பிளக். மிச்ச ரெண்டு திங்கக்கிழமை ஒர்க் ஷாப்ல.

கே: டர்போ எடுக்கலாமா, சாதா எடுக்கலாமா?

ப: நாலாவது தலைமுறையில 2.0 ஐ 140 குதிரைத்திறன், ரெகுலர் பெட்ரோல். 2.0 ஆர் 190 வரைக்கும். ஜிடி டர்போ ஆட்டோமேட்டிக்ல 260, மேனுவல்ல 280. ஆறு சிலிண்டர் 3.0 ஆர் 250. ஐ தவிர மத்தது எல்லாம் ஹைஆக், அதாவது பிரீமியம் பெட்ரோல். எனக்கு 2.0 ஐ போதும்னு தோணிச்சு, அஞ்சு பேர் சாமானோட மலை ஏறறப்போ இன்ஜின் கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். மைலேஜ் எனக்கு ஊருக்குள்ள லிட்டருக்கு 9, 10, எக்ஸ்பிரஸ்வேல 13.

பழைய சுபாரு டர்போவோட அந்த "டொரொடொரொ" சத்தம் பிடிச்சு வாங்க நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம், நாலாவது தலைமுறையில எக்ஸாஸ்ட் குழாய் நீளத்தை எல்லா சிலிண்டருக்கும் சமமாக்கிட்டாங்க, சத்தம் போயிருச்சு. சமமில்லாத குழாய்ல புகை தாறுமாறா வந்து சேர்றதாலதான் அந்தச் சத்தமே வந்தது. சத்தம் வேணும்னா மூணாவது தலைமுறை வரைக்கும் பார்க்கணும்.

கே: அகலம் கூடிருச்சு, 5 நம்பர் போயிருச்சுன்னு பழைய ஆளுங்க புலம்பறாங்களே, என்ன அது?

ப: ஜப்பான்ல கார் நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 2000 சிசி, இதுக்குள்ள அடங்கினா பிளேட்ல 5ல ஆரம்பிக்கற நம்பர். ஒண்ணு தாண்டினாலும் 3. 1989 வரைக்கும் 3 நம்பர் வண்டின்னா வரி தாறுமாறா, வருஷத்துக்கு 81,500 யென்ல ஆரம்பிக்கும். அந்த வருஷம் சட்டத்தை மாத்தி இன்ஜின் சிசி வெச்சு மட்டும் வரின்னு ஆக்கினாங்க. ஆனாலும் 5 நம்பர்னா நம்ம தெருவுக்கு அளவான வண்டிங்கற எண்ணம் ஜனங்க மனசை விட்டுப் போகல, முதல் மூணு லெகசியும் 1.7 மீட்டருக்குள்ளயே இருந்தது, மூணாவது 1695 மிமீ.

நாலாவது 1730. அதாவது லிமிட்டைத் தாண்டினது பக்கத்துக்கு ஒண்ணரை சென்டிமீட்டர். இதுக்குப் பெரிய ரகளை. ஆனா அகலம் கூடினதால முன் சக்கரம் இன்னும் மடங்க இடம் கிடைச்சு, வண்டி திரும்பற ஆரம் 5.4 மீட்டராச்சு, பழைய ஒல்லி மாடலைவிட குறைச்சல்! எங்க வீட்டு சந்து முனையில ஒரு கான்கிரீட் கம்பம் இருக்கு, முன்னாடி இருந்த வேற ஒரு சின்ன கார்ல ரெண்டு தடவை முன்ன பின்ன எடுத்துத்தான் திரும்புவேன், லெகசியில ஒரே மூச்சு. இந்த மாடல் 2003-2004க்கான ஜப்பான் கார் ஆஃப் தி இயர் வாங்கினது, புலம்பினவங்களும் அப்புறம் அடங்கிட்டாங்க.

அஞ்சாவதுல நிஜமாவே பெருசாக்கிட்டாங்க. அகலம் 1780, உயரம் 1535, அமெரிக்காவுல விக்கணும்னு. உள்ள இடம் தாராளம், பின் சீட்டுல கால் மேல கால் போட்டுக்கலாம். ஆனா பழைய லெகசியோட கச்சிதம் இல்ல, எனக்குப் பிடிக்கல. இது என் சொந்தக் கருத்து, அந்த வண்டி வெச்சிருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க.

கே: உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? எஸ்யூவி எடுத்தா ஏறி இறங்க வசதிதானே?

ப: ஏறி இறங்க வசதி, ஒத்துக்கறேன். முட்டி வலிக்கற பெரியவங்க வீட்டுல இருந்தா எஸ்யூவியே எடுங்க.

ஆனா ஜப்பான்ல நகரத்துல இருக்கீங்கன்னா ஒரு நம்பரை மனப்பாடம் பண்ணிக்கங்க: 1550. அடுக்கு மாடி மிஷின் பார்க்கிங்ல நிறைய இடத்துல உயர லிமிட் 1550 மிமீ. வண்டியை ஒரு இரும்புத் தட்டுல ஏத்தினா அது ஆகாசத்துக்குத் தூக்கிட்டுப் போய் பீரோவுல வைக்கற மாதிரி வெச்சிரும். உயரமான வண்டியோட போனா வாசல்லயே ஒரு தாத்தா ரெண்டு கையையும் குறுக்கா பெருக்கல் குறி மாதிரி போட்டு திருப்பி அனுப்பிடுவார். வீடு பார்க்கறப்போவும் அபார்ட்மெண்ட்ல மிஷின் பார்க்கிங்னா இதே கதைதான், பார்க்கிங் இடம் இருக்குன்னு சர்டிஃபிகேட் வாங்காம இங்க கார் ரிஜிஸ்டர் பண்ண முடியாது, அந்த இடத்துக்குள்ள உங்க வண்டி அடங்கணும். வேகன் எல்லாமே அடங்கும், பெருசாயிருச்சுன்னு நான் திட்டின அஞ்சாவது லெகசிகூட 1535ல தப்பிச்சுரும்.

ரெண்டாவது, கூரைப் பெட்டி. வண்டி தாழ்வா இருந்தா கூரை மேல சாமான் ஏத்த ஸ்டூல் தேட வேண்டாம், என் மனைவியே தனியா ஏத்திடுவா. பெட்டி மாட்டினா அந்த 1550 கதை முடிஞ்சுது, அதையும் சொல்லிடறேன். மாட்டினதை மறந்துட்டு ஒரு தடவை ஷாப்பிங் மால் பார்க்கிங் கிட்ட போயிட்டேன், பின் சீட்டுல இருந்த பெரியவதான் "அப்பா அப்பா மேல பெட்டி"ன்னு கத்தினா.

கே: டிக்கி எவ்வளவு கொள்ளும்?

ப: முதல் லெவோர்க் 522 லிட்டர், இப்போ இருக்கற ரெண்டாவது லெவோர்க் 561, அதுல 492 மேல, 69 தரைக்குக் கீழ மூடி போட்ட பள்ளத்துல. ஆனா லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, டிக்கியோட வடிவம்தான் முக்கியம். லெகசி மூணாவது தலைமுறையில பின் சஸ்பென்ஷனை மல்டிலிங்க்னு ஒண்ணுக்கு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி இருந்தது ஸ்ட்ரட், அதோட தூண் ரெண்டு பக்கமும் டிக்கிக்குள்ள முட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டு பெட்டியை பக்கத்துல பக்கத்துல படுக்க வெக்க முடியாது. மாத்தினதுக்கப்புறம் சுவர் நேரா ஆச்சு. பெரும்பாலும் சஸ்பென்ஷன்னா ரைடு பத்தித்தான் பேசுவாங்க, இவங்க டிக்கிக்காகவும் சேர்த்து மாத்தினாங்க.

எங்க குடும்பம் நாலு பேர், நரிட்டா ஏர்போர்ட்டுக்குப் போறப்போ 23 கிலோ பெட்டி நாலு, குழந்தை வண்டி ஒண்ணு. பெட்டி ரெண்டை படுக்க வெச்சு மேல ரெண்டு, குழந்தை வண்டியை மடிச்சு பக்கத்துல செருகி, ஊறுகாய் பாட்டில் இருக்கற கைப்பையை மட்டும் மனைவி மடியில. மேல ரெண்டாவது அடுக்கு வெக்கறப்போ திரை மாதிரி சுருள்ற மூடி இருக்குல்ல, அதைக் கழட்டிரணும். கழட்டின குழாயை எங்க வைக்கறதுன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் வாசல்ல அஞ்சு நிமிஷம் வாக்குவாதம். லெவோர்க்ல தரைக்குக் கீழ இருக்கற பள்ளத்துலயே அதுக்கு ஒரு இடம் பண்ணிட்டாங்க, இதை யோசிச்ச ஆளுக்குக் கண்டிப்பா வீட்டுல சண்டை நடந்திருக்கும்.

இன்னொண்ணு, தரை தாழ்வு. முப்பது கிலோ அரிசி மூட்டையை முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேல தூக்கினா போதும், தள்ளி விட்டுரலாம். எஸ்யூவியில இடுப்பு வரைக்கும் தூக்கணும்.

கே: பின் சீட்டை மடிச்சு உள்ளயே படுக்கலாமா?

ப: படுத்திருக்கேன். நான் 5 அடி 7 அங்குலம், முன் சீட்டை நல்லா முன்னால தள்ளி நேரா படுத்தா கால் லேசா மடக்கணும். மடிச்ச சீட்டு மட்டமா வராது, கொஞ்சம் சரிவா ஏறும், மெத்தை போட்டா தெரியாது. மிச்சினோஎக்கின்னு ரோட்டோரம் டாய்லெட், கடையோட ரெஸ்ட் ஸ்டாப் இருக்கும், அங்க ரெண்டு ராத்திரி. பெரியவங்க ரெண்டு பேருக்கு மேல வேண்டாம், உட்கார்ந்தா தலை முட்டும்.

கே: கதவுல கண்ணாடியைச் சுத்தி ஃப்ரேம் இல்லையாமே?

ப: நாலாவது தலைமுறை வரைக்கும் அப்படித்தான். கதவைத் திறந்தா கண்ணாடி மட்டும் தனியா நிக்கும், ஸ்போர்ட்ஸ் கார்ல வர்ற மாதிரி. குடும்ப வண்டிக்கு எதுக்கு இதுன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, அழகு, அவ்வளவுதான். மூடறப்போ ஒரு தனி சத்தம், "டப்"னு இல்லாம "தொப்"னு கண்ணாடி ரப்பர்ல போய் ஒட்டும். கண்ணாடியை பாதி இறக்கிட்டு கதவை ஓங்கி சாத்தினா கிடுகிடுன்னு ஆடும், புள்ளைங்ககிட்ட எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதுங்க. வயசாக ஆக ரப்பர் தளர்ந்து, எக்ஸ்பிரஸ்வேல விசில் மாதிரி காத்து சத்தம் வரும். பழசு வாங்கப் போறீங்கன்னா டெஸ்ட் டிரைவ்ல ரேடியோவை அணைச்சுட்டு 80ல ஓட்டிப் பாருங்க.

அதே மாதிரி பழைய லெகசி வேகனோட இன்னொரு அடையாளம் பின் மூலைத் தூண். அதைக் கறுப்பாக்கி கண்ணாடிக்குள்ள மறைச்சிருப்பாங்க, தூரத்துலருந்து பார்த்தா பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒரே கண்ணாடியா சுத்தி வர்ற மாதிரி தெரியும். 2009ல ஃப்ரேமில்லாத கதவும் போச்சு, இதுவும் போச்சு.

கே: பனியில எப்படி?

ப: இதுக்குத்தான் ஜனங்க வாங்கறதே. கான்எட்சு எக்ஸ்பிரஸ்வேல குன்மா பக்கத்துலருந்து நீகாத்தா பக்கம் போறப்போ 11 கிமீ சுரங்கம் ஒண்ணு வரும். இந்தப் பக்கம் காஞ்ச ரோடு, அந்தப் பக்கம் வெளிய வந்தா வெள்ளை. முதல் தடவை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு மூச்சை அடக்கிட்டு வெளிய வந்தேன், வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிட்டே இருந்தது.

ஆனா தெளிவா புரிஞ்சுக்கங்க, நாலு சக்கரமும் இழுக்கறது, அதாவது ஏடபிள்யூடி, கிளம்பறதுக்கும் ஏறறதுக்கும்தான். பிரேக் போட்டா எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான். பனி டயர், இங்க ஸ்டட்லெஸ்னு சொல்வாங்க, அது இல்லாம சுபாருவா இருந்தாலும் சறுக்கும். "நம்மது ஏடபிள்யூடி"ன்னு தைரியமா சாதா டயர்ல போய் வாய்க்கால்ல இறங்கின நண்பர் ஒருத்தர் இருக்கார்.

சின்ன விஷயம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது: என் வண்டியில முன் கண்ணாடியோட அடியில வைப்பர் படுக்கற இடத்துல சூடாக்கற கம்பி இருந்தது. காலையில வைப்பர் ஐஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், பட்டனை அழுத்திட்டு காபி போட்டு வந்தா விட்டிருக்கும்.

கே: ஏடபிள்யூடி எல்லா மாடல்லயும் ஒண்ணுதானா?

ப: இல்ல. நாலாவது தலைமுறையில மேனுவலுக்கு முன் பின் 50-50. சாதா ஆட்டோமேட்டிக்ல முன்னால கொஞ்சம் அதிகம், 60-40ல ஆரம்பிச்சு தேவைக்கேத்த மாதிரி மாறும். ஜிடி ஆட்டோமேட்டிக் 45-55, பின் பக்கம் தூக்கல், அதனால வளைவுல தள்ளிக்கிட்டுப் போற ஃபீல் வரும். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் போறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கே: ஐசைட்னா என்ன, நம்பலாமா?

ப: உள் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கேமரா. நம்ம ரெண்டு கண்ணு மாதிரியே, ரெண்டு படத்துக்கும் இருக்கற வித்தியாசத்தை வெச்சு முன்னால இருக்கறது எவ்வளவு தூரம்னு கணக்குப் போடும். 1999லேயே லெகசி லான்காஸ்டர்ங்கற மாடல்ல இதோட மூதாதை வந்திருச்சு, ஐசைட்ங்கற பேர்ல 2008 மே மாசம், அதுவும் லெகசிதான். 2010ல வந்த ரெண்டாவது வெர்ஷன்தான் எல்லாத்தையும் மாத்தினது. முன் வண்டிக்கும் நமக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 30 கிமீக்குள்ள இருந்தா தானா பிரேக் போட்டு முழுசா நிறுத்தும், கூடுதல் விலை சுமார் 1 லட்சம் யென்தான். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி சமாச்சாரம் எல்லாம் பணக்காரங்க வண்டியில மட்டும்.

என் 2007ல இது கிடையாது. லெவோர்க்ல வந்ததும், நெரிசல்ல முன்னால போற வண்டி நின்னா நின்னு கிளம்பினா கிளம்புது, கால் வலி போச்சு. ஆனா விடியற்காலை சூரியன் நேரா கண்ணுல அடிச்சாலோ, மழை கொட்டினாலோ, கண்ணாடி உள்ள பனி படிஞ்சாலோ "இப்போ என்னால முடியாது"ன்னு விளக்கைப் போட்டு ஒதுங்கிரும். நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்கும் தெரியாது. முன் கண்ணாடி உடைஞ்சா மாத்தறதோட கேமராவை மறுபடி சரி பண்ற செலவும் சேரும்.

கே: பழைய லெகசி வாங்கறப்போ என்ன பார்க்கணும்?

ப: முதல்ல டைமிங் பெல்ட். நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு 1,00,000 கிமீல மாத்தணும், அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினே போயிரும். மாத்தினதுக்கு ரெக்கார்டு இருக்கான்னு கேளுங்க, பெல்ட்டோட வாட்டர் பம்ப், டென்ஷனர் சேர்த்து மாத்தியிருந்தா நல்லது. ஆறு சிலிண்டர்ல செயின், இந்தக் கவலை இல்ல. லெவோர்க்லயும் செயின்.

அப்புறம் ஆயில் கசிவு. இன்ஜின் படுத்திருக்கறதால ரெண்டு பக்க கவர் பேக்கிங் மேலயும் ஆயில் எப்பவும் சாய்ஞ்சிருக்கும், வயசானா கசியும். சூடா நிறுத்திட்டு இறங்கினா எண்ணெய் கருகின வாசனை வந்தா அதுதான். நான் வாங்கின கடைக்காரர் "கசிவே இல்ல"ன்னு துண்டால துடைச்சுக் காட்டினார், ஒரு மாசத்துல பார்க்கிங் தரையில அஞ்சு ரூபா காசு அளவுக்குக் கறுப்பு வட்டம். அடியில புதுசா கழுவி பளபளன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

அப்புறம் துரு. பனி ஊர்ல ஓடின வண்டின்னா ரோட்டுல தூவற உப்பு அடிப்பக்கத்தை அரிச்சிருக்கும். லிஃப்ட்ல ஏத்திப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

கே: வரி எவ்வளவு வரும்?

ப: 2000 சிசிக்கு வருஷத்துக்கு 39,500 யென். 2019 அக்டோபருக்கு அப்புறம் புதுசா ரிஜிஸ்டர் ஆன வண்டின்னா 36,000. ஆனா பெட்ரோல் வண்டி முதல் ரிஜிஸ்ட்ரேஷன்லருந்து 13 வருஷம் தாண்டிட்டா 39,500 போய் 45,400 ஆயிரும். 3.0 ஆர்னா 51,000 போய் 58,600. எடை வரின்னு ஷாக்கென் சமயத்துல கட்டறதும் 13 வருஷத்துல ஒரு ஏத்தம், 18ல இன்னொரு ஏத்தம். 2021 மே மாசம் எனக்கு வந்த வரி நோட்டீஸ்ல 45,400னு பார்த்ததும்தான் லெகசியை மாத்தலாம்னு பேச்சே எடுத்தோம். நாலாவது தலைமுறை வண்டி எல்லாமே இப்போ இந்தக் கணக்குலதான் வரும், வாங்கற விலை மலிவுன்னு மட்டும் பார்க்காதீங்க.

கே: லெவோர்க் லெகசிக்கு ஈடா?

ப: பேரே லெகசி, ரெவல்யூஷன், டூரிங் மூணுலருந்தும் எழுத்தைப் பொறுக்கிச் சேர்த்ததுதான். முதல் லெவோர்க் 2014, ஜப்பானுக்காகவே அளவைக் குறைச்சு பண்ணாங்க, நீளம் 4690, நாலாவது லெகசியோட 4680க்குப் பக்கத்துல. ரெண்டாவது 2020 கடைசியில, நீளம் 4755, அகலம் 1795, உயரம் 1500. 1.8 லிட்டர் டர்போ, 177 குதிரைத்திறன், டர்போவா இருந்தும் ரெகுலர் பெட்ரோல், பர்ஸுக்கு நிம்மதி. இதுக்கும் 2020-2021 கார் ஆஃப் தி இயர் கிடைச்சது. பின் சீட்டு 4:2:4னு மூணா மடியும், நடுவுல மட்டும் மடிச்சு நீளமான சாமானை விட்டுட்டு ரெண்டு பக்கமும் புள்ளைங்க உட்காரலாம்.

குறை என்னன்னா சிவிடி கியர், அதாவது படிப்படியா இல்லாம வழுக்கிட்டே மாறற ஆட்டோமேட்டிக், மேனுவல் கிடையவே கிடையாது. ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் ஒட்ற திரவமும் பம்பும் கொடுத்திருக்காங்க. அந்தத் திரவம் டயர் பக்கச் சுவர் கிழிஞ்சா பிரயோஜனமில்ல.

கே: அவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் வேகனை விட்டுட்டாங்க?

ப: ஸ்லைடிங் கதவு. ஜப்பான் பார்க்கிங்ல பக்கத்து வண்டிக்கும் நமக்கும் ஒரு ஆள் ஒல்லியா நுழையற இடம்தான், புள்ளை கதவைத் தள்ளினா அடுத்தவன் கதவுல கோடு. மினிவேன்ல அந்தப் பயமே இல்ல, தாத்தா பாட்டியையும் ஏத்திக்கலாம். மிச்சம் இருந்தவங்க எஸ்யூவிக்குப் போயிட்டாங்க. நிசான் ஸ்டேஜியா, டொயோட்டா கால்டினா ரெண்டும் 2007லேயே நின்னுருச்சு. டொயோட்டாவுல இப்போ கொரோலா டூரிங் இருக்கு, நல்ல சிக்கனமான வண்டி, லெவோர்க் விலை ஜாஸ்தின்னா அதைப் பாருங்க. சுபாருவே 2023ல லெவோர்க்கை 200 மிமீ தரை இடைவெளிக்குத் தூக்கி லேபேக்னு விட்டிருக்காங்க. தூக்கினா விக்குது, என்ன பண்றது.

கே: சுபாரு லோகோவுல ஏன் ஆறு நட்சத்திரம்?

ப: சுபாருன்னா ஜப்பானிய மொழியில நம்ம கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். நம்ம ஆளுங்க அறுமீன்னு சொன்னாங்கல்ல, அவங்களும் ஆறுதான் எண்ணியிருக்காங்க. அஞ்சு கம்பெனி சேர்ந்து ஒரு பெரிய கம்பெனி ஆனதால ஒரு பெரிய நட்சத்திரம், அஞ்சு சின்னது. எங்கம்மா இங்க வந்தப்போ இதைச் சொன்னேன், "அப்போ முருகன் வண்டிதான்"னு சொல்லிட்டு டேஷ்போர்டுல விபூதி வெச்சுட்டாங்க.

லெவோர்க்ல அந்த லோகோவுக்கு ஒரு வேலையும் உண்டு. ரெண்டு கையிலயும் பை இருக்கறப்போ பின்னால போய் முழங்கையை அந்த நட்சத்திரத்துக்கிட்ட கொண்டு போனா டிக்கி தானா திறக்கும். அம்மாவுக்கு அது தெரியாது. லோகோவைத் தொட்டுக் கும்பிடப் போனாங்க, டிக்கி மெதுவா மேல எழும்பிச்சு, ரெண்டடி பின்னால துள்ளி நின்னுட்டு என்னைப் பார்த்தாங்க.